கர்ப்பிணியிடம் குடியைப் பற்றி எப்படிக் கேட்பது?

பெங்களூரில் ஒரு நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். ஐந்தாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண் செக்கப்புக்கு வந்தார். பக்கத்தில் போனதும் குடித்த வாடை. மாமியார் கூடவே உட்கார்ந்திருந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பிரஷர் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாராம். இனி இப்படி ஒருவர் வந்தால் எப்படிக் கேட்பது, "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது, நம் பெண்களிடையே இது அவ்வளவு பெரிய விஷயமா என்பவை அவருடைய கேள்விகள்.

பிரசவ வார்டிலும் நர்ஸிங் வகுப்பிலுமாக இந்த ஊரிலேயே வேலை பார்த்தவள் நான். தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், அதாவது 2019–21இல், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 1.3 சதவீதம் பேர் குடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்களில் ஏறக்குறைய 19 சதவீதம். வீடு தேடி வந்து கேட்கும் ஆய்வு அது. முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் குடியை ஒப்புக்கொள்ள எத்தனை பெண்களுக்கு மனசு வரும்? அந்த 1.3ஐ அப்படியே வைத்துக்கொண்டாலும், வருஷம் முழுக்க உங்கள் கிளினிக்கின் படி ஏறும் கர்ப்பிணிகளில் சிலராவது இதில் இருப்பார்கள். உலக அளவில் 2017இல் செய்த மதிப்பீடு ஒன்று, கர்ப்ப காலத்தில் குடித்த 13 பெண்களில் ஒருவருக்கு மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தை பிறக்கிறது என்கிறது. ஆயிரம் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட 8 பேர். நம் ஊரில் அந்தப் பிள்ளைகளை யாரும் எண்ணுவதில்லை. "படிப்பு ஏறல", "சொன்ன பேச்சு கேக்க மாட்டான்" என்ற பெயரோடு பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைக் குடிசைப்பகுதிப் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். விடிகாலையில் குப்பை அள்ளப் போகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் என்றால் நம் கண் தானாகவே சந்தேகப்படுகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி இந்திராநகரில் நண்பர்களோடு ஒயின் குடிக்கும் ஐடி பெண் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவரிடம் யாரும் கேட்பதே இல்லை. படித்தவர், கௌரவமான குடும்பம் என்று விட்டுவிடுகிறோம். முதல் பெண்ணைக் கேட்டு அவமானப்படுத்துகிறோம். இரண்டாவது பெண்ணைக் கேட்காமலே கைவிடுகிறோம். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் ஐந்தாறு வாரம் குடித்திருப்பதற்கு இருவருக்குமே வாய்ப்பு இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை நீங்கள் சுருக்கமாகவாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும், அப்போதுதான் எளிமையாகச் சொல்ல வரும். தாய் குடித்தது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. கொஞ்ச நேரத்திலேயே தாயின் ரத்தத்தில் இருக்கும் அளவுதான் ஏறக்குறையப் பிள்ளையின் ரத்தத்திலும். அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பிள்ளையின் ஈரலுக்கு இன்னும் வந்திருக்காது. பனிக்குட நீரிலும் மது தங்கி, பிள்ளை அதையே திரும்பத் திரும்ப விழுங்குகிறது. 1968இல் பிரான்ஸின் நாந்த் நகரத்தில் பால் லெமுவான் என்ற மருத்துவர் குடிக்கும் தாய்மார்களின் 127 குழந்தைகளைப் பார்த்து எழுதினார், அப்போது அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. 1973இல் சியாட்டிலைச் சேர்ந்த ஜோன்ஸும் ஸ்மித்தும் 'லான்செட்' இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சிறிய கண் திறப்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே பள்ளமில்லாமல் வழவழவென்று இருப்பது, மெலிந்த மேலுதடு, சிறிய தலை, வளர்த்தி குறைவு ஆகியவை பாடப்புத்தகத்தில் வரும் அடையாளங்கள்.

ஆனால் முகம் உருவாவது முதல் சில வாரங்களில். மூளை வளர்வது கடைசி நாள்வரை. அதனால் முகத்தில் ஒரு அடையாளமும் இல்லாமல் மூளையில் மட்டும் பாதிப்போடு பிறக்கும் பிள்ளைகளே அதிகம். அதிகமாக அடி வாங்குவதும் அவர்கள்தான். பார்க்க நன்றாக இருப்பான், நன்றாகப் பேசுவான். நேற்று சொல்லிக் கொடுத்த கணக்கு இன்றைக்கு இருக்காது. அடுப்பில் கை வைத்துச் சுட்டுக்கொண்டவன் மறுநாளும் வைப்பான். காசுக் கணக்கு, மணிக் கணக்கு பிடிபடாது. திமிர் என்று வாத்தியார் அடிப்பார், அப்பாவும் அடிப்பார். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்க முடியும், அந்த வேலையில் பாதி நம் கையில் இருக்கிறது.

மூளை கடைசிவரை வளர்கிறது என்பதை ஒரு நல்ல சேதியாகவும் சொல்ல முடியும், இதை மறந்துவிடாதீர்கள். ஐந்தாம் மாதத்தில் நிறுத்தினாலும், எட்டாம் மாதத்தில் நிறுத்தினாலும், அந்த நாளிலிருந்து வளரப்போகும் மூளைக்கு நல்லது. "இவ்வளவு நாள் குடிச்சாச்சு, இனிமே என்ன" என்ற பேச்சுக்கு இதுதான் பதில். கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று பாதுகாப்பான அளவு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. "கொஞ்சமா குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். குடியைப் பற்றி ஒரு கர்ப்பிணியிடம் நீங்கள் சொல்வது, செய்வது, எழுதுவது எல்லாவற்றையும் ஒரே ஒரு கேள்வியால் அளந்து பாருங்கள்: இதற்குப் பிறகு அவர் மறுபடியும் நம்மிடம் வருவாரா? வந்தால் நிறுத்த உதவலாம், ரத்தசோகையைப் பார்க்கலாம், பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கலாம். வராமல் போனால் நாம் கொடுத்த எச்சரிக்கையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஆண் குடித்தால் "கொஞ்சம் தண்ணி போடுவாரு, மத்தபடி நல்லவரு" என்று சொல்லும் அதே வாய்தான் பெண் குடித்தால் "குடிகாரி" என்கிறது. அந்தச் சொல்லோடு அவள் நடத்தையும் சேர்ந்து சந்தி சிரிக்கும். நம்மிடம் வரும் பெண்ணுக்கு இது நம்மைவிட நன்றாகவே தெரியும். அதனால் குடித்த மறுநாள் செக்கப் இருந்தால் வராமல் இருந்துவிடுவார். மூன்றாம் மாதத்தில் பெயர் பதிய வேண்டியவர் ஏழாம் மாதத்தில் வருவார். மிரட்டினால் திருந்துவார்கள் என்ற எண்ணத்தை அமெரிக்காவில் சட்டமாகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் குடிப்பதைக் குழந்தைக்குச் செய்யும் கொடுமையாகக் கருதும் சட்டங்களைப் பல மாநிலங்கள் கொண்டுவந்தன. 1972 முதல் 2013 வரையிலான பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அந்தச் சட்டம் இருந்த இடங்களில் எடை குறைந்த பிறப்புகளும் குறைமாதப் பிரசவங்களும் குறையவில்லை, கூடியிருந்தன. கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வருவது குறைந்திருந்தது. பயந்த பெண் குடியை விடவில்லை, ஆஸ்பத்திரியை விட்டார்.

எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லாக் கர்ப்பிணிகளிடமும் ஒவ்வொரு முறை வரும்போதும் மது, மற்ற போதைப் பொருள்கள் பற்றிக் கேட்கச் சொல்கிறது. எல்லாரிடமும் கேட்கும்போது அது பிரஷர் பார்ப்பது மாதிரி வழக்கமான வேலையாகிவிடும், "என்னை மட்டும் ஏன் கேட்டாங்க" என்ற குத்தல் இருக்காது. வாடை வந்தவரை மட்டும் கேட்டால் அது விசாரணை.

தனியாகக் கேட்க வேண்டும். மாமியார், கணவர், பக்கத்து வீட்டு அக்கா யாரும் கூடாது. மொழி தெரியாத இடத்தில் பத்து வயசு மகளை மொழிபெயர்க்க வைத்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டவே வேண்டாம். மாமியாரை எப்படி வெளியே அனுப்புவது என்று நீங்கள் கேட்கலாம். எடை பார்க்க, வயிறு பார்க்க, சிறுநீர் கொடுக்க என்று உள்ளே கூப்பிடும்போது "உள்ளே ஒருத்தர்தான் வரணும்" என்பதை எல்லாருக்கும் பொதுவான விதியாக வைத்துவிடுங்கள். மாதா மாதம் 9ஆம் தேதி பிரதமர் திட்டப் பரிசோதனை நாளன்று கூட்டம் அலைமோதும். அன்றைக்கு இந்தப் பேச்சை வரிசையில் நிற்க வைத்து ஆரம்பிக்காதீர்கள், ஒரு திரைச்சீலை மறைவாவது இல்லையென்றால் இன்னொரு நாள் வரச்சொல்லுங்கள்.

நம் கிளினிக்குகளில் வழக்கமாகக் காதில் விழும் கேள்வி, "குடியெல்லாம் இல்லல்ல?" என்பது. பதிலையும் நாமே சொல்லிவிட்டுத் தலையாட்டச் சொல்கிறோம். அதை விட்டுவிட்டு, சாப்பாட்டில் ஆரம்பித்து மெதுவாக இங்கே வாருங்கள். நான் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க? ராத்திரி தூக்கம் வருதா? வெத்தலை, புகையிலை போடுற பழக்கம் உண்டா? வீட்டுல யாராவது குடிப்பாங்களா மா? இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான், மாசமா இருக்கிறது தெரியறதுக்கு முன்னாடி நீங்க பீரோ, பிராந்தியோ, பாக்கெட்டோ எப்பவாவது குடிச்சிருக்கீங்களா? தெரிஞ்சப்புறம்? கடைசியா எப்போ?"

"தெரியறதுக்கு முன்னாடி" என்பதில்தான் கதவு திறக்கும். பழைய காலத்தைப் பற்றிச் சொல்வது சுலபம், இன்றைக்கு நடப்பதைச் சொல்வதுதான் கஷ்டம். முன்னால் குடித்ததை ஒருவர் சொல்லிவிட்டாரென்றால் இப்போதைய நிலையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

"கொஞ்சம்தான் சிஸ்டர்" என்பார்கள். அந்தக் கொஞ்சத்தை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். 30 மில்லி பிராந்தியிலோ விஸ்கியிலோ சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அதை ஒரு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்த பிறகு மலிவு விஸ்கிதான் அந்த இடத்தைப் பிடித்தது. 90 மில்லி பாக்கெட் என்றால் மூன்று அளவு. ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. "பீர்தானே, ஒரே ஒரு பாட்டில்" என்கிற 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் நான்கு அளவு இருக்கிறது. ஒரே உட்காரலில் நான்கு அளவு என்பதே ஒரு பெண்ணுக்கு அதிகக் குடி, கருவுக்கு அதுதான் மிக மோசமானது. அதனால் "எவ்வளவு" என்று மொட்டையாகக் கேட்காமல், "பாக்கெட்டா, பாட்டிலா? ஒண்ணை ரெண்டு பேர் பகிர்ந்துக்குவீங்களா? வாரத்துல எத்தனை நாள்?" என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கென்றே டி-ஏஸ் என்று நான்கே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது. போதை ஏற எவ்வளவு தேவைப்படுகிறது, குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா, குறைக்கணும் என்று தோன்றியிருக்கிறதா, காலையில் எழுந்ததும் உடம்பு நிலைக்கு வரக் குடிக்க வேண்டியிருக்கிறதா என்பவை அவை. போதை ஏற இரண்டு அளவுக்கு மேல் வேண்டும் என்றால் 2 மதிப்பெண், மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று. மொத்தம் 2 வந்தாலே கவனிக்க வேண்டியவர். கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் தனியாகவே கவலைப்பட வேண்டும், கீழே சொல்கிறேன்.

குடி என்றே நினைக்காமல் உள்ளே போவதையும் கேட்டுவிடுங்கள். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் தானாகவே ஊறியிருக்கும், லேபிளில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். "உடம்புக்குச் சூடு" என்று பிராந்தி கொடுக்கும் வீடுகள் நம்மில் இன்னும் இருக்கின்றன. கொடுப்பவர் பாட்டி. அன்பால்தான் கொடுக்கிறார், அதனால் அவரையும் வைது பயனில்லை. பாட்டில்களின் மேல் நம் நாட்டில் போட்டிருக்கும் எச்சரிக்கை உடல்நலத்தையும் வண்டி ஓட்டுவதையும் பற்றித்தான், வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் இல்லை. அமெரிக்காவில் 1989 முதல் அந்த வாசகம் இருக்கிறது. இங்கே ஒரு பெண்ணுக்கு இது தெரியவில்லை என்றால் அது அவர் குற்றமா?

உங்கள் கிளினிக்குக்கு வந்த அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொன்று. வாடையை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். தொடர்ந்து வாந்தி எடுத்துப் பட்டினி கிடந்தாலோ, சர்க்கரை கட்டுமீறிப் போனாலோ மூச்சில் ஒரு விதப் பழ வாடை வரும், பழகாத மூக்குக்கு அது சாராய வாடையாகத் தோன்றலாம். சிறுநீரில் கீட்டோனும் ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அவரை மறுபடி கூட்டிவர ஆஷா அக்காவை அனுப்பும்போது அக்காவிடம் காரணம் சொல்ல வேண்டாம். ரத்தம் திரும்பப் பார்க்கணும் என்று சொன்னால் போதும், அதில் பொய்யும் இல்லை.

சரி, "ஆமாம் சிஸ்டர், ராத்திரியில கொஞ்சம் குடிப்பேன்" என்கிறார். அடுத்த அரை நிமிஷத்தில் உங்கள் முகம் என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். புருவம் ஏறக் கூடாது. பக்கத்து மேஜை நர்ஸைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. சட்டென்று பேனாவை எடுத்து எழுதவும் கூடாது. "மறைக்காம சொன்னீங்களே, அதுவே பெரிசு" என்று சொல்லுங்கள், மனசாரச் சொல்லுங்கள். பிறகு, "இது பிள்ளைக்கு என்ன செய்யும்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்பார்கள். "நீங்க குடிக்கிறது அப்படியே பிள்ளைக்கும் போகுது மா. அதோட மூளை இப்ப வளர்ந்துக்கிட்டிருக்கு. இன்னையிலிருந்து விட்டாலும் இனிமே வளரப்போறது நல்லா வளரும்." இவ்வளவு போதும். "பிள்ளை ஊனமா பொறக்கும்", "நீயெல்லாம் ஒரு தாயா" என்ற இரண்டும் நம் வார்டுகளில் சர்வசாதாரணமாகக் கேட்கும் பேச்சு. முதலாவது உண்மையாக இருக்கவேண்டிய அவசியமில்லை, இரண்டாவது சொல்ல நமக்கு உரிமையில்லை. இரண்டையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அன்றைக்கு ராத்திரி இன்னும் அதிகமாகத்தான் குடிப்பார்.

ஏன் குடிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே பல வழி தெரியும். குப்பை அள்ளுகிற ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "அந்த நாத்தத்துல வெறும் வயித்தோட நிக்க முடியாது மேடம். வீட்டுக்கு வந்தா கையை மோந்துட்டு சோறு எறங்காது. அவர் ஊத்திக் குடுப்பாரு, குடிச்சா தூக்கம் வரும்." அவருக்கு உபதேசம் எதுவும் தேவையில்லை. நல்ல கையுறை, கர்ப்ப காலத்துக்கு வேலை மாற்றித் தரச் சொல்லி மருத்துவரின் கடிதம், முதுகு வலிக்கு பாராசிட்டமால், கணவரிடம் ஒரு பேச்சு ஆகியவை அவருக்கு உதவும். கணவரை அடுத்த முறை கூட்டிவரச் சொல்லும்போது, அவர் மனைவி சொன்னதை எதையும் வெளியே விடாமல், எல்லா அப்பாக்களிடமும் சொல்வதைப் போல "பிள்ளை பொறக்கிற வரைக்கும் வீட்டுக்கு பாட்டில் கொண்டு வராதீங்க" என்று சொல்லலாம். அடி உதை இருக்கிறதா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். அடி வாங்குகிற பெண் வலி மறக்கக் குடிக்கிறார் என்றால் முதலில் நிற்க வேண்டியது அடி.

தெரியாமல் குடித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் சாகிறவர்களும் வருவார்கள், பெரும்பாலும் படித்த பெண்கள். கூகுளில் தேடிப் பயந்துபோய், கருவைக் கலைத்துவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. குடித்த எல்லாருக்கும் பாதிக்கப்பட்ட பிள்ளை பிறப்பதில்லை, இப்போது நிறுத்தியதே பெரிய காரியம், இனி தவறாமல் பரிசோதனைக்கு வாருங்கள் என்று சொல்லி மருத்துவரிடம் பேச வையுங்கள்.

இப்போது டி-ஏஸின் கடைசிக் கேள்வி. தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறது என்கிறவர், இவர்களிடம் "இன்னைக்கே நிறுத்திடுங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதன் பிறகு குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது. தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து. எட்டாம் மாதத்தில் வலிப்போடு வந்தால் எல்லாரும் பிரஷர் வலிப்பு என்று நினைத்து அந்த வழியிலேயே ஓடுவார்கள், குடியைப் பற்றி யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வைக்க வேண்டும். அங்கே ஒரு நர்ஸ் மறக்கவே கூடாதது: குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி. குடியாலும் வாந்தியாலும் தயமின் வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். டாக்டர் எழுத மறந்திருந்தால் நீங்கள் கேளுங்கள்.

பெங்களூரில் இருக்கும் நமக்கு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவும், பிரசவ காலத்து மனநலத்துக்காகத் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் பிரிவும் அங்கே உண்டு. பிரசவ மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். போனில் பேச 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்று 14446. "அங்க போனா பைத்தியம்னு எழுதி பிள்ளையைப் புடுங்கிக்குவாங்க" என்ற பயம் பல பெண்களுக்கு இருக்கிறது. 2017இன் மனநல பராமரிப்புச் சட்டம், மது தொடர்பான மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தாயின் மனநோயால் பிள்ளைக்கு ஆபத்து, அல்லது பிள்ளையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் பிரிப்பது தேவை என்று மருத்துவர் கருதினால்தான் விலக்கு. இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், நானே பார்த்திருக்கிறேன், தோள் தளர்ந்து கண்ணீரோடு "அப்படியா சிஸ்டர்" என்பார்கள்.

எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பிணிக்கு நாம் கொடுக்கும் தாயி கார்டு வீட்டுக்குப் போகிறது. அலமாரியில் இருக்கும், கணவர் எடுப்பார், மாமியார் எடுப்பார், எழுதப் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொல்வார். அதில் சிவப்பு மையில் "குடிப்பழக்கம்" என்று எழுதினால் அந்தக் கார்டு அடுத்த முறை வராது, அதை வைத்திருப்பவரும் வரமாட்டார். கிளினிக்கிலேயே இருக்கும் பதிவேட்டில், அவருக்குச் சொல்லிவிட்டு, அளவையும் நாளையும் எழுதுங்கள்: "வாரம் 4 நாள், 90 மில்லி, கடைசியாக 3 நாள் முன்பு, நிறுத்த விருப்பம்." மேல் சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள். வராந்தாவில் "அந்தக் குடிகாரி வந்திருக்கா" என்று நம்மில் யாராவது சொன்னால், அன்றைக்கே, ஆனால் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரசவ அறைக்கும் இது பொருந்தும். வலியில் கத்துகிற பெண்ணிடம் "குடிக்கும்போது தெரியலையா" என்று கேட்ட குரலை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் அடுத்த பிள்ளையை வீட்டிலேயே பெற்றார்.

பிள்ளை பிறந்ததும் குழந்தை மருத்துவரிடம் கர்ப்பத்தில் குடி இருந்ததைச் சொல்ல வேண்டும், தாயின் சம்மதத்தோடு. எடை, நீளம், தலைச்சுற்றளவு மூன்றையும் அளந்து எழுதி வையுங்கள், தலைச்சுற்றளவைத்தான் நம் வார்டுகளில் அதிகம் விட்டுவிடுகிறோம். பால் சப்புவதில் சோர்வு, ஓயாத அழுகை, தூக்கமின்மை இருந்தால் தாய் தன்னையே நொந்துகொள்வார், அப்போதும் பக்கத்தில் இருங்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள். குடித்தால் ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்துப் பால் கொடுக்கச் சொல்லுங்கள். குடித்த ராத்திரி பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள், நசுங்கியோ மூச்சு முட்டியோ போன பிள்ளைகள் உண்டு. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டத்தில் மாவட்ட அளவில் குழந்தை வளர்ச்சியைப் பார்க்கும் மையங்கள் இருக்கின்றன. பேச்சோ நடையோ தாமதமானால் அங்கே அனுப்புங்கள். ஆறு வயதுக்குள் கண்டுபிடித்து, வீட்டில் அடி உதை இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களான பிறகு தங்கள் வாழ்க்கையை ஓரளவு நன்றாகவே நடத்துகிறார்கள்.

தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கி வரும்போது தாயிடம் திரும்பவும் கேளுங்கள், எப்படி இருக்கிறீர்கள், குடி எப்படி இருக்கிறது என்று. கர்ப்பத்தில் விட்டவர்கள் பிரசவத்துக்குப் பிறகு திரும்ப ஆரம்பிப்பது நிறைய நடக்கிறது. அடுத்த பிள்ளை எப்போது வேண்டும், அதுவரை என்ன தடுப்புமுறை வேண்டும் என்பதையும் அதே பேச்சில் கேளுங்கள். உலகத்தில் கிட்டத்தட்ட பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாமல் வருபவை, குடியை விட முடியாத பெண்ணுக்கு இந்தக் காலத்தில் காப்பர்-டியோ ஊசியோ கிடைத்தாலே ஒரு பிள்ளை காப்பாற்றப்படுகிறது. அவரே கேட்டு, அவரே தேர்ந்தெடுத்ததாக அது இருக்க வேண்டும். குடிக்கிறார் என்பதற்காகப் பிரசவ மேஜையிலேயே கேட்காமல் போட்டுவிடுவது கூடாது.